வீடு திரும்பும் வாக்கியங்கள்

செந்தேரிவிளையில் வாக்கியங்கள் நடக்கத் தொடங்கியது ஒரு சந்தை நாளின் விடியற்காலையில். தலையில் முருங்கைக்காய்க் கட்டும் இடுப்பில் ஓலைப்பெட்டியுமாகச் செம்மண் தெருவில் இறங்கிய பெண்கள், தங்கள் காலுக்குக் குறுக்கே நீல நிறத்தில் ஓர் எறும்பு வரிசை போவதைக் கண்டு, கடிக்கிற எறும்போ கடிக்காத எறும்போ என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, கடிக்காதது என்று தெரிந்ததும் தாண்டிப் போனார்கள். தேநீர்க்கடை லிங்கதுரை அண்ணாச்சிதான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்து, ‘ஒளிச்சேர்க்கை என்பது’ என்று தொடங்கிய அந்த வரிசையை இறுதிவரை வாசித்தார். முற்றுப்புள்ளி சற்றுப் பின்தங்கிவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது என்பதையும் அவரே பிற்பாடு எல்லாருக்கும் சொன்னார்.

அந்த வரிசையும், அதன் பின்னால் தெருத்தெருவாக வந்து கலந்த மற்ற வரிசைகளும், நீலமும் கறுப்புமாக, கூட்டல் குறியும் அம்புக்குறியுமாக, படம் வரைந்து பாகம் குறித்த தவளை ஒன்றைப் பல்லக்கில் தூக்குவதுபோல் நடுவில் தூக்கிக்கொண்டு, தெற்குத் தெருக் கடைசி வீட்டின் படியேறின. அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றிக்கொண்டிருந்த பேச்சித்தாய், வாசற்படியில் ஏறிவந்தவற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த மகளுக்குக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி கனி, ஒன்னத் தேடி யாரோ வந்திருக்காவ.”

மகளின் முழுப்பெயர் சுயம்புகனி. ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அவளுடைய கையெழுத்தைப் பார்த்தவர்கள், அச்சகத்தில் கொடுத்து அடித்து வாங்கியதா என்று கேட்பார்கள். அந்தப் பள்ளியில் நோட்டு எடுப்பதற்கென்று நெடுங்காலமாக ஒரு முறை இருந்தது. கனி மாலையில் கைடைப் பார்த்து எழுதுவாள். மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் வகுப்பு முழுவதும் கனியைப் பார்த்து எழுதும். ஆசிரியர் எல்லா நோட்டையும் ஒரே மூச்சில் திருத்திச் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போடுவார். கனிக்கு முன்பு அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருந்தாள். அவளுக்கும் முன்பு இன்னொருவன் இருந்தான். எழுதியதை யாரும் வாசிப்பதில்லை. வாசிப்பதற்காக எழுதுவது என்னும் எண்ணமே அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தோன்றியதில்லை.

ஆகவே அன்று காலையில் வகுப்பிலுள்ள எல்லாருடைய நோட்டிலிருந்தும் புறப்பட்ட எழுத்துகள், தாங்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டனவோ அங்கேயே போய்ச் சேருவது என்று முடிவு செய்து, கனியின் புத்தகப்பையில் ஏறி, அவளுடைய நோட்டுகளுக்குள் நுழைந்தன. எண்ணெயில் விழுந்த பூரிபோல அந்த நோட்டுகள் உப்பின. அவற்றின் பின்னாலேயே வெற்று நோட்டுகளை விரித்துப் பிடித்தபடி பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவள் பிரின்ஸி. கனிக்குப் பக்கத்து இருக்கைக்காரி, வாய்த்துடுக்கு மிக்கவள்.

“எங்க நோட்டு பூரா ஒங்க வீட்டுக்கு வந்துட்டு. எடுத்துக் குடுட்டி.”

“எங்கிட்டேருந்து போனதுதான, எங்கிட்டயே வந்துட்டு,” என்றாள் கனி. “கூப்பிட்டா வரும்னா கூப்பிட்டுப் பாரு.”

பிரின்ஸி ஒளிச்சேர்க்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது திரும்பியும் பார்க்கவில்லை. கனி பின்னலை முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டாள். பள்ளி மணி அடிக்கும்வரை அவள் அந்த வீட்டு வாசலில் அரசியாக நின்றாள். வகுப்பின் அறிவெல்லாம் தன்னிடமிருந்தே போனது என்பதை எழுத்துகளே வந்து சாட்சி சொல்லிவிட்டன என்று அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

மணி அடித்தது. அதற்காகவே காத்திருந்தவைபோல நோட்டுகள் சிலிர்த்துக்கொண்டன. வந்த எழுத்துகளும், கனி தன் கையால் எழுதிய எழுத்துகளும் சேர்ந்து, பையை விட்டிறங்கி, அடுக்களை வழியாகப் புறவாசலுக்குப் போய், முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு பேருந்துச் சாலையை நோக்கி நடந்தன. தவளைப் பல்லக்கு கடைசியாகப் போயிற்று.

“ஏட்டி கனி,” என்றாள் பிரின்ஸி, இந்த முறை மெதுவாக. “ஒன்னோடதும் போவுதே.”

அவை பேருந்தில் ஏறி மேலச்சந்தை என்னும் பக்கத்துப் பேரூருக்குப் போய், அங்குள்ள புத்தகக் கடையில் கைடுகளுக்குள் புகுந்துகொண்டன. நடத்துநர் அன்று படிக்கட்டில் நின்று நெடுநேரம் யோசித்து, இருக்கையில் உட்காராதவர்களுக்குப் பயணச்சீட்டு தேவையில்லை என்றும், வரைபடங்களை மட்டும் சுருட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். கடைக்காரருடைய கைடுகள் அன்று முதல் மூடமுடியாதபடி பருத்துப் போயின. எடைக்கு விலை சொல்வதா, பக்கத்துக்கு விலை சொல்வதா என்று அவர் குழம்பியது வேறு கதை.

கனி வீட்டுக்குள் வந்து நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பக்கங்கள் வெளுத்துக் கிடந்தன. ஆசிரியரின் சிவப்பு மை மட்டும் போகவில்லை. அது அவருடையதே அல்லவா. ஒன்றுமில்லாத பக்கத்தின் அடியில் ‘மிக நன்று’, அடுத்த வெற்றுப் பக்கத்தின் அடியில் மீண்டும் ‘மிக நன்று’ என்று, ஆறாம் வகுப்பு முதல் தான் சேர்த்துவைத்த பெருமையெல்லாம் அப்படியே இருக்க, பெருமைக்குரிய பொருளை மட்டும் அவள் எங்கும் காணவில்லை. நான் எழுதியது என்று ஒரு வரிகூட இல்லையா என்று தேடிக்கொண்டே போனவள், தமிழ் நோட்டின் ஓரத்தில், பென்சிலால் சாய்வாகக் கிறுக்கிய இரண்டு சொற்களைக் கண்டாள்: ‘எங்கே ஓடுகிறது?’

அது அவளுடையதுதான். ‘எங்கள் ஊர்’ என்னும் கட்டுரையின் பக்கத்தில், எப்போதோ ஒரு பிற்பகலின் தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘எங்கள் ஊரின் நடுவே வற்றாத ஆறு ஒன்று சலசலத்து ஓடுகிறது; அதன் இரு கரைகளிலும் பச்சைப் பசேலென்ற வயல்கள் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன’ என்று அது தொடங்கும். செந்தேரிவிளையோ, சிவந்த மணல்மேட்டின் அடிவாரத்தில், பனையும் முந்திரியும் நடுவே நிற்க, ஆற்றைக் கண்ணால் காண வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டிய ஊர். எவரோ ஒரு மாணவர் எந்தக் காலத்திலோ எந்தக் கைடிலிருந்தோ எடுத்தெழுதிய அந்தக் கட்டுரை, நோட்டிலிருந்து நோட்டுக்கு இறங்கி, லிங்கதுரை அண்ணாச்சி படித்து, பேச்சித்தாய் படித்து, தலைமையாசிரியர் எட்வின் ராஜமணியும் தம் சிறுவயதில் அதே பள்ளியில் படித்து, எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கியது. ஊர்க்காரர்களே அந்த ஆற்றைப் பாதி நம்பினார்கள். மாப்பிள்ளை எழுதிய கடிதத்தை நம்பி வந்த மருமகள்கள், முதல்நாள் காலையில் துணி மூட்டையோடு ஆற்றுக்கு வழி கேட்டதும் உண்டு. இப்போது அந்தக் கட்டுரையும் போய்விட்டது. அது புத்தகக் கடையில் நிற்காமல், மேலச்சந்தையில் வேறு பேருந்து மாறி, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இறங்கி, படித்துறையில் கால்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நடத்துநரின் மைத்துனர் பார்த்ததாகச் செய்தி வந்தது. அதற்கும் எத்தனை நாள் ஏக்கமோ என்றாள் பேச்சித்தாய்.

தலைமையாசிரியருக்குத்தான் அந்தப் பிரிவு தாங்கவில்லை. மாவட்டத் தலைநகரில் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கென ‘ஊர் அறிவோம்’ கண்காட்சி நடக்கும்; அந்த ஆண்டு செந்தேரிவிளையின் சார்பில் ஆற்றுக் கட்டுரையை வாசிக்கக் கனியின் பெயர் ஏற்கெனவே போயிருந்தது. அவர் பழைய விடைத்தாள் ஒன்றில் மிச்சமிருந்த கட்டுரையைத் தப்பவிடாமல் பிடித்து லேமினேஷன் செய்துவிட்டார். எழுத்துகள் கண்ணாடித் தொட்டியிலுள்ள மீன்களைப் போல உறையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்க்க அவருக்கே இரக்கமாக இருந்தது. கனியைக் கூப்பிட்டு, காகிதத்தில் நிற்கும்படியாக எதையாவது கண்காட்சிக்கு முன் எழுதிக் கொண்டுவர வேண்டுமென்றும், முடியாவிட்டால் இந்த ஆண்டு எங்கள் பள்ளி வரவில்லை என்று எழுதிவிடப் போவதாகவும் சொன்னார்.

“ஒனக்கு என்னட்டி, கையெழுத்து இருக்கு,” என்றார் முடிவில், தைரியம் சொல்வதாக நினைத்து.

கனிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கையெழுத்து இருக்கிறது, எழுதுவதற்கு என்ன இருக்கிறது? பள்ளி கண்காட்சிக்குப் போகாவிட்டாலும் போகட்டும்; சுயம்புகனி என்பவள் வெறும் விரல்தான் என்று ஊரறிய ஆகிவிடுமே என்பதுதான் அவளுடைய பயம்.

இதற்கிடையில் ஊர் தன் வழக்கங்களைத் திருத்திக்கொண்டது. விடியுமுன் வாசல் பெருக்குவதைப் பெண்கள் நிறுத்தினார்கள். கோலம் போடும்போது தெருப் பக்கமாக ஓர் இழையை மூடாமல் விட்டு, நடப்பவர்களுக்கு வழி வைத்தார்கள். சாக்கடையின் குறுக்கே லிங்கதுரை அண்ணாச்சி ஒரு பலகை போட்டார். கணக்குச் சூத்திரம் ஒன்றைக் கொத்திய கோழி மறுநாள் முதல் தன் முட்டைகளைச் சதுரமாக அடுக்கத் தொடங்கியதால், எல்லாரும் கோழிகளைக் கட்டிப் போட்டார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் மணமக்கள் பெயரும் நாளும் மட்டும் நின்றன. அதனால் யாருக்கும் குறையில்லை என்று தெரிந்தது. ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச எழுந்த வார்டு உறுப்பினரின் தாளிலிருந்து சொற்பொழிவு பாதியில் இறங்கிப் போய்விட, அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, தெற்குத் தெருவில் விளக்கு எரியவில்லை, தாம் எழுதிப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்று உண்மையைச் சொன்னார். அவருக்கு அவ்வளவு கைதட்டல் அதற்கு முன் கிடைத்ததில்லை. பிரின்ஸியின் அண்ணன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த காதல் கடிதம், அவள் கண்முன்னாலேயே புறப்பட்டு முடிதிருத்தும் கடையிலிருந்த பழைய வார இதழுக்குள் போய்விட்டது. ‘மிச்சம் உன் பேர் மட்டும் இருக்கு, அது போதும்’ என்று அவள் எழுதியனுப்பிய பதில் மட்டும் எங்கும் போகாமல் அவனுடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

கனி தன்னிடமிருந்த ஒரே சொத்தாகிய அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆறு எங்கே ஓடுகிறது என்று கேட்டால் எல்லாரும் சிரித்தார்கள். சரி, ஆறில்லாத ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஊர் நடுவிலிருந்த கிணற்றைக் காட்டினார்கள். அந்தக் கிணறு எப்படி வந்தது என்று கேட்டபோதுதான் ஒவ்வொருவரும் உட்கார இடம் தேடினார்கள். பஞ்சம் வந்த காலத்தில் தம் பாட்டனார் ஒற்றை ஆளாக மண்வெட்டி பிடித்துத் தோண்டியதாக லிங்கதுரை அண்ணாச்சி, பாய்லரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சொன்னார். கனி அவ்வளவையும் எழுதினாள். மறுநாள் காலையில் அவர் கனியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவருடைய வெள்ளைப் பனியன் முழுவதும் அழகான கையெழுத்தாக இருந்தது.

“ஏட்டி, நேத்து நான் சொன்னதெல்லாம் விடியுமுன்ன திரும்பிவந்து எம்மேல ஏறிட்டு. இது சலவைக்குப் போட்டாப் போவுமா, போவாதா?”

போகவில்லை. ஆனால் அன்று பனியனை வாசிப்பதற்காகவே ஆட்கள் வந்து இரண்டிரண்டு தேநீர் குடித்ததால், அவர் அதைத் துவைக்கும் எண்ணத்தை ஒத்திவைத்தார். கனி மனம் விட்டுப்போய் நோட்டைத் திறந்தாள். பக்கம் வெறுமையாக இருந்தது; அடியில் மட்டும் ஒரு வரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. ‘தண்ணீர் கண்ட அன்று பாட்டனார் மூன்று பானை குடித்தார் என்று லிங்கதுரை அண்ணாச்சி சொன்னார், சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.’

இது மட்டும் ஏன் நின்றது என்று அவள் யோசித்தாள். பாட்டனாரைப் பற்றிய அதே செய்தியை ஒரு பக்கத்தில் தன்னுடையதுபோலவும், எதிர்ப்பக்கத்தில் சொன்னவரின் பெயரோடும் எழுதிவைத்தாள். விடிந்தபோது முதலாவது பனியனுக்குப் போயிருந்தது. இரண்டாவது, பெயரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. யாருடையது என்று ஒப்புக்கொண்டால், வாக்கியம் விருந்தாளியாகத் தங்கச் சம்மதிக்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால், அதற்கு வீட்டு நினைவு வந்துவிடுகிறது. இதைக் கேட்டதும் பிரின்ஸிக்கு ஒரு வழி தோன்றிற்று.

“அப்ப கைடு பேரையும் பக்கத்தையும் போட்டுட்டு, கைடு பூராத்தையும் எழுதிரலாம்லா?”

எழுதிப் பார்த்தார்கள். ஒரு முழு நோட்டு நிரம்பிற்று. மறுநாள் ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. பிரின்ஸி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

“கல்யாண வீடு மாதிரி இருக்கு. வந்தவுக எல்லாரும் இருக்காவ, பொண்ணத்தான் காணோம்.”

அந்த நோட்டைக் கனி மூடி வைத்தாள். பிறகு, பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் சொர்ணம் அத்தையிடம் போனாள். அத்தை வேறு கதை சொன்னாள்: ஆண்கள் எல்லாரும் பிழைப்புத் தேடிக் கப்பலேறிப் போயிருந்த காலத்தில், ஆடுகள் ஓரிடத்து மணலைக் காலால் கிளறி நக்குவதைக் கண்ட பெண்கள், தேங்காய்ச் சிரட்டையால் தோண்டியே தண்ணீரைக் கண்டார்களாம். அதையும் சொன்னவர் பெயரோடு, அண்ணாச்சி சொன்னதற்கு நேர் கீழே கனி எழுதிக்கொண்டாள்.

அதுதான் வினையாயிற்று. அன்று தமிழ் வகுப்பில், தலைமையாசிரியர் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கையில், கனியின் பை குலுங்கியது. உள்ளிருந்து கசமுசவென்று பேச்சுச் சத்தம்.

“யாரு அங்க பேசுறது?” என்றார் அவர்.

“லிங்கதுரை அண்ணாச்சியும் சொர்ணம் அத்தையும் சார்,” என்று எழுந்து நின்றாள் கனி. “நோட்டுக்குள்ள.”

நோட்டைத் திறந்து பார்த்தால், இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று விளிம்புவரை தள்ளிக்கொண்டிருந்தன. பாட்டனாரின் மண்வெட்டி சிரட்டைகளின்மேல் ஏறி நின்றது. ஒன்று அவர்களை அடக்கு, அல்லது வெளியே நிறுத்து என்றார் தலைமையாசிரியர். கனி பென்சிலை எடுத்து, இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில், மெதுவாக எழுதினாள்: ‘இவர்கள் இருவரும் சொல்வது ஒத்துப்போகவில்லை. எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது. கிணற்றைப் போய்ப் பார்க்க வேண்டும்.’ சண்டை நின்றது. தள்ளிக்கொண்டிருந்தவை தத்தம் இடத்துக்குப் போய், அவளையே பார்த்துக்கொண்டிருப்பவைபோல் அமைதியாக உட்கார்ந்தன. தெரியாது என்று நோட்டில் எழுதலாம் என்பதே கனிக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குத் தலைமையாசிரியர் சிவப்பு மையில் எதையும் போடவில்லை, கோடிட்டு அடிக்கவும் இல்லை.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பாசி படிந்த கல் ஒன்று இருந்தது. தினமும் அதன்மேல் குடம் வைத்த ஊர், அதில் எழுத்து இருப்பதைக் கண்டதில்லை. கனியும் பிரின்ஸியும் தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க, ஓர் ஆண்டும், அதன் கீழே ‘இவ்வூரார் தோண்டியது’ என்னும் சொற்களும் தெளிந்தன. செய்தி கேட்டு அண்ணாச்சி பனியனோடும், அத்தை குழாய்ச் சாவியோடும் வந்துவிட்டார்கள்.

“ஊரார்னா எங்க பாட்டனும் அதுல உண்டுல்லா,” என்றார் அண்ணாச்சி.

“பொம்பளைய இல்லாம என்னய்யா ஊரு?” என்றாள் அத்தை.

இருவரும் வெற்றி பெற்றவர்களாகத் திரும்பிப் போனார்கள். கனி மட்டும் போகவில்லை. யார் தோண்டியது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனால் அவளுடைய கேள்வி அதுவன்று. மணலுக்குக் கீழே அந்தத் தண்ணீர் எப்படி வந்தது? இதைக் கேட்டபோது யாரும் உட்கார இடம் தேடவில்லை. அது எப்போதும் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சனிக்கிழமை காலையில் அவளும் பிரின்ஸியும் குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செம்மணல் மேட்டில் ஏறினார்கள். குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் ஓடவில்லை, ஓடலாமா என்று யோசிக்கவுமில்லை, விழுந்த இடத்திலேயே, கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைவதுபோல் மணலுக்குள் இறங்கிவிட்டது. இன்னொரு குடம், அதுவும் அப்படியே. பள்ளிக்கூட முற்றத்துக் களிமண்ணில் ஊற்றினால், அது நெளிந்து நெளிந்து ஓடிச் சாக்கடையில் விழுந்தது. மேட்டின் அடிவாரத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், அத்தை சொன்னதுபோலவே ஒரு சிரட்டையால் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மணல் குளிர்ந்தது. இன்னும் தோண்ட, நிறம் கறுத்தது. இன்னும் தோண்ட, குழியின் அடியில் ஒரு கண் திறப்பதுபோலத் தண்ணீர் ஊறிற்று. பிரின்ஸி அதைத் தொட்டு நாக்கில் வைத்து, இனிக்கிறது என்றாள்.

அன்று மாலை கனி வெற்றுப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பார்த்து எழுத எதிரே ஒன்றும் இல்லை. பென்சில் முனையைக் கடித்தாள், எழுதி அடித்தாள், அவளுடைய அச்சுக் கையெழுத்துக் கோணியது. அடித்தல் திருத்தல்களின் நடுவே கடைசியில் ஒரு வாக்கியம் எழுந்து நின்றது.

‘எங்கள் ஊரில் ஆறு இல்லை, பெய்த மழையெல்லாம் மணலுக்குக் கீழே எங்களுக்காக உட்கார்ந்திருக்கிறது.’

விடிந்ததும் அந்த நோட்டைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. முதலில் பக்கத்தின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். பிறகு முழுவதையும் திறந்தாள். வாக்கியம் கோணலோடும் அடித்தலோடும் அப்படியே இருந்தது. அது போகவில்லை. போவதற்கு அதற்கு வேறு வீடு இல்லை.

அதன் பிறகு எழுதுவது எளிதாயிற்று என்று சொல்ல முடியாது. ஆனால் எழுதியவை நின்றன. அண்ணாச்சியும் அத்தையும் கிணற்றுக் கல்லும் தத்தம் பெயரோடு வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே, இலை போட்டுப் பரிமாறுகிறவளைப் போல, கனியின் வாக்கியங்கள் இங்குமங்கும் நடமாடின.

கண்காட்சிக்குப் போகும் பேருந்தில் தலைமையாசிரியர் அந்த நோட்டை மடியில் வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். அவருடைய கைப்பையில், எதற்கும் இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்த ஆறும் இருந்தது. எங்கள் ஊரில் ஆறு இல்லை என்ற வரிக்கு அவர் திரும்பத் திரும்ப வந்தார்.

“இப்பிடி எழுதிட்டியே, ஊரு மானம் போயிராதா?”

“ஆறு இல்ல சார்,” என்றாள் கனி.

அவர் சன்னலுக்கு வெளியே செம்மணலையும் பனைகளையும் பார்த்தார். “இல்லதான்,” என்றார் பிறகு. ஆற்றங்கரை ஊருக்குப் பிரியும் சாலையில் பேருந்து நின்றபோது, அவர் கைப்பையைத் திறந்து, உறையின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் கீறிவிட்டார். எழுத்துகள் வரிசை குலையாமல் படிக்கட்டில் இறங்கி மேற்கே போயின; அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதல் பரிசு, தெர்மாகோலில் எரிமலை செய்து உண்மையாகவே புகை வரவைத்த ஒரு பள்ளிக்குப் போயிற்று. கனிக்கு ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா கிடைத்தது. நடுவர்களில் ஒருவர், இந்தச் சொர்ணம் என்பவர் யார், அவர் சொன்னதை எப்படி நம்புவது என்று கேட்டார். முழுவதும் நம்பவில்லை, அதனால்தான் தோண்டிப் பார்த்தோம் என்று கனி சொன்னதும், அவர் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிற்பகல் முழுவதும் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் அவளுடைய மேசையைச் சுற்றி நின்று, நோட்டிலும் பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்திலும் உள்ளங்கையிலுமாக அவள் வரிகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கனிக்கு அது வேப்பமரத்தடிதான், பழக்கப்பட்ட காட்சி. பச்சை மைப் பேனா வைத்திருந்த ஒரு பெண் மட்டும், எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்க பேரு என்னக்கா?”

மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக் கனி தன் பெயரைச் சொன்னாள். எந்த ஊர் என்றும் அந்தப் பெண் கேட்டாள், கனி ஊரையும் சொன்னாள்.

மறுநாள் விடிந்து சற்றுநேரம் ஆகியிருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய், விட்டிருந்த இழைக்குப் பக்கத்தில் கையை நிறுத்தினாள்.

“ஏட்டி கனி, ஒன்னத் தேடி யாரோ வந்திருக்காவ.”

பேருந்துச் சாலையிலிருந்து அவை வந்துகொண்டிருந்தன. குண்டு எழுத்தில் சில, கொக்கிபோல் வளைந்த எழுத்தில் சில. உப்பளத்து ஊரிலிருந்து வந்தவை வெளிறியும், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வந்தவை கறைபட்டும், உள்ளங்கையிலிருந்து புறப்பட்டவை வியர்வையில் சற்றே கலங்கியும், எங்கள் ஊரில் ஆறு இல்லை, எங்கள் ஊரில் ஆறு இல்லை என்று வரிசைவரிசையாக, அண்ணாச்சியின் பலகைமேல் சாக்கடையைத் தாண்டி, கோலத்தின் திறந்த இழை வழியாக நுழைந்து, கனியின் நோட்டுக்குள் ஏறின. இந்த முறை அவை மணி அடித்ததும் கிளம்பிவிடக் காத்திருக்கவில்லை. வந்து சேர்ந்தவை வந்து சேர்ந்தவையே.

பிரின்ஸி தெருவில் நின்றபடி, யாரோ பாவம் இன்றைக்கு நோட்டில்லாமல் அடி வாங்கப்போகிறார்கள் என்று சிரித்தாள். கனி சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வரியின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வந்தது, கறுப்பு வந்தது, பென்சில் வந்தது. வெயில் ஏறிற்று, வரிசை மெலிந்தது, கடைசியாக ஒரு முற்றுப்புள்ளி தனியாக உருண்டுவந்து உள்ளே போயிற்று. பள்ளி மணி அடித்தது.

“இன்னும் யாரும் வரணுமாட்டி?” என்று கேட்டாள் பேச்சித்தாய், கோலமாவுக் கிண்ணத்தோடு.

தெருமுனைவரை கனி மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். பச்சை மையில் ஒரு வரிகூட வரவில்லை.

“அது வராதும்மா,” என்றாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து யாரையும் மிதிக்காமல், அவள் பள்ளிக்கு ஓடினாள்.